தனி வழக்குகள் பேசப்படமாட்டா

கூட்டறிக்கை எழுதுவதில் எனக்குக் கைராசி உண்டு என்று சொல்வார்கள். முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இரண்டு நாட்டுப் பேராசிரியர்களை ஒரே தாளில் கையெழுத்துப் போட வைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. இந்தியாவிலிருந்து ஆறு பேர், இலங்கையிலிருந்து ஆறு பேர் சேர்ந்து மீனவர் பிரச்சினைக்காக நடத்தும் எங்கள் குழுவில் பல வருஷமாக அந்த வேலையை நான்தான் பார்த்தேன். சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் அரசியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். வீடு கடலூரில், திருப்பாதிரிப்புலியூரில். நான் எழுதிய அறிக்கைகளை எந்த மந்திரி படித்தார், எந்தக் கடற்படைக்காரர் படித்தார் என்று யாராவது கேட்டால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். பெரும்பாலும் கேட்கிறவர் என் மனைவி.

எங்கள் குழுவுக்கு ஒரு விதி உண்டு. அதை முன்மொழிந்தவன் நான். முதல் வருஷக் கூட்டத்தில் அந்தப் பக்கத்துக்காரர் ஒருவர், நம்மூர் இழுவைப் படகுகள் அறுத்துப்போட்ட வலைகளின் போட்டோக்களை மேஜை மேல் பரப்பினார். உடனே இந்தப் பக்கத்துக்காரர் ஒருவர் அங்கே பிடித்து வைத்திருக்கும் படகுகளின் பட்டியலை உருவினார். அவ்வளவுதான், படித்தவர்கள் கூட்டம் குழாயடியாகிவிட்டது. மதியச் சாப்பாட்டுக்குக்கூட இரண்டு நாட்டுக்காரர்களும் தனித்தனி மேஜையில் உட்கார்ந்தார்கள். சாயங்காலம் நான் எழுந்து சொன்னேன்: இந்தக் குழுவில் தனி வழக்குகள் பேசப்படமாட்டா, கொள்கை மட்டுமே பேசப்படும். எல்லோரும் கைதட்டினார்கள். குழு பிழைத்ததே அந்த ஒரு வரியால்தான் என்று எங்கள் தலைவர் ஒவ்வொரு வருஷமும் வரவேற்புரையில் சொல்வார். நானும் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொள்வேன். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் தெருவுக்கு முதுநகரிலிருந்து ஒரு அம்மா மீன் கொண்டுவருவார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் கருப்புக் கயிற்றில் ஒரு சிலுவை. வாரத்தில் நான்கு நாள் அலுமினியக் கூடையோடு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கி, தெருவைச் சுற்றி விற்றுவிட்டுப் போவார். என் மனைவிக்கும் அவருக்கும் பேச்சு நீளும். எனக்கும் அவருக்கும் அதுவரை பேச்சே கிடையாது. ஒருநாள் காலையில் வாசலில் நின்றுகொண்டு, "அக்கா, சார கொஞ்சம் கூப்புடுங்க," என்றார்.

நான் வெளியே வந்தேன். "பேப்பர்ல ஒங்க போட்டோ பாத்தோம் சார். எம் பொண்ணுதான் காட்டுச்சி. சிலோன்காரங்க சிதம்பரத்துக்கு வராங்களாமே, நீங்க அவுங்களோட பேசப் போறீங்களாமே," என்றார். ஆமாம் என்றேன். என் போட்டோவைப் பார்த்து ஒருவர் தேடி வந்திருக்கிறார் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

அவர் கணவர் படகு ஓட்டுகிறவர். நாகப்பட்டினம் பக்கத்து விசைப்படகு ஒன்றில் டிரைவராகப் போயிருந்தார். இலங்கைக் கடற்படை படகோடு பிடித்துக்கொண்டு போய்விட்டது. "எல்லையத் தாண்டுனாங்களா தாண்டலியான்னு எனக்குத் தெரியாது சார். தாண்டித்தான் இருப்பாங்க. மீனு அங்கதான இருக்குது," என்று அவரே சொன்னார். உடன் போன மற்றவர்களை எச்சரித்து அனுப்பிவிட்டார்கள். இவரை மட்டும் விடவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருமுறை பிடிபட்டு, இனி வரமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்த ஒரு ஆளின் பெயரும் இவர் பெயரும் ஒன்று. அப்பா பெயரும் ஒன்று. இரண்டாம் முறை பிடிபட்டால் சிறைத் தண்டனை.

"எங்க கோயில்லயே அந்தப் பேர்ல ஏழு பேர் இருக்காங்க சார். எல்லாத்துக்கும் ஒரே புனிதர் பேரத்தான் வெச்சித் தொலச்சிருக்காங்க," என்றார். அழுதுகொண்டே சொன்னதால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் கணவர் அந்த ஆள் இல்லை என்பதற்கு ஆதாரம் இருந்தது. அந்த ஆளை அங்கே பிடித்து வைத்திருந்த நாட்களில் இவர் கால் உடைந்து கடலூர் பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். டிஸ்சார்ஜ் சீட்டு இருந்தது. அந்த ஆள் வேறு இவர் வேறு என்று மீன்துறை ஆபீஸில் அலைந்து வாங்கிய, முத்திரை வைத்த சான்றிதழும் இருந்தது. யாழ்ப்பாணத்தில் அவருக்காக வாதாடும் வக்கீலுக்கு வாட்ஸாப்பில் படம் போயிற்று. ஆனால் கோர்ட்டில் அசல் கேட்கிறார்கள், அதை யாராவது கையில் கொண்டுவந்தால்தான் ஆயிற்று, தபாலை நம்ப நாள் இல்லை என்று வக்கீல் சொல்லிவிட்டார். வழக்கு அடுத்த வாரம் வியாழக்கிழமை.

கூடையின் ஓரத்தில் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்த பழுப்புக் கவரை எடுத்து முந்தானையில் துடைத்து என்னிடம் நீட்டினார். "அங்கேருந்து வர்ற சார்மாருங்க யார்கிட்டயாவது கையில குடுத்துடுங்க சார். வக்கீல் போன் நம்பர் மேலயே எழுதியிருக்குது. வேற ஒண்ணும் வேணாம். நீங்க ஒண்ணும் பேசக்கூட வேணாம்."

"கட்டாயம் குடுத்துடறேன்மா," என்றேன். என் மனைவி பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். சாட்சி.

சனிக்கிழமை காலை ஏழு மணி பஸ்ஸில் சிதம்பரம் போனேன். பையில் என் கட்டுரை, சால்வை போர்த்தினால் வைத்துக்கொள்ள ஒரு துணிப்பை, அந்தக் கவர். கீழவீதிக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலின் மாடியில் கூட்டம். பேனரில் இரண்டு நாட்டுக் கொடியும் ஒரு புறாவும். புறாவைப் போடவேண்டாம் என்று நான் எழுதி அனுப்பியிருந்தேன், போட்டிருந்தார்கள்.

இலங்கைக்காரர்களில் ஒருவர் யாழ்ப்பாணத்துப் பேராசிரியர். சரித்திரம் படித்தவர். மெல்லப் பேசுவார். குழுவில் எனக்கு மனதுக்கு நெருக்கமானவர் அவர்தான். பதினொரு மணித் தேநீர் இடைவேளையில் தட்டை ஏந்திக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். சிதம்பரம் கொத்சுவைப் பற்றி விசாரித்தார். கத்தரிக்காயைச் சுட்டு மசிப்பதா வேகவைத்து மசிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை, தெரிந்த மாதிரி ஏதோ சொன்னேன். பை என் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. ஜிப்பை இழுத்து, கவரை எடுத்து, "சார், இத மேல எழுதியிருக்கற வக்கீல்கிட்ட சேத்துடுங்க," என்று சொல்லவேண்டியதுதான். இரண்டு நிமிஷ வேலை. கையைப் பையில் விட்டேன். கவர் விரலில் தட்டுப்பட்டது. அந்த நேரம் பார்த்து எனக்குள் இருந்த படித்த மேதாவி எழுந்து நின்றுகொண்டான்.

தனி வழக்குகள் கூடாது என்று எழுதியவனே ஒரு தனி வழக்கை ரகசியமாகக் கைமாற்றலாமா? நாளைக்கு விஷயம் வெளியே வந்தால் குழுவின் நடுநிலை என்ன ஆகும்? அந்தப் பேராசிரியருக்கு அவர் நாட்டில் சங்கடம் வராதா? முறைப்படி செய்வோம். தலைவரிடம் எழுதிக்கொடுத்து, சிறப்பு அனுமதி வாங்கி, எல்லோரும் அறியக் கொடுப்போம். இப்படியெல்லாம் யோசித்துக் கையை வெளியே எடுத்தேன். ரொம்ப நேர்மையாக நடந்துகொள்வதாக நினைப்பு வேறு. மடையன்.

மதியம் தலைவரிடம் குறிப்பையும் கவரையும் கொடுத்தேன். தலைவர் சென்னைக்காரர், பெரிய பதவிகளில் இருந்தவர், எதையும் நிகழ்ச்சி நிரலில் ஏற்றாமல் தும்மக்கூட மாட்டார். சாப்பாட்டுக்குப் பிறகு "ஒரு மனிதாபிமான விவகாரம்" என்ற தலைப்பில் அதை எடுத்துக்கொண்டார். விவரம் சொல்லக்கூடாது என்பது விதி. அதனால் பெயர் சொல்லவில்லை, ஊர் சொல்லவில்லை, எந்தக் கோர்ட் என்று சொல்லவில்லை. ஒரு நாட்டுக் குடிமகன் சம்பந்தப்பட்ட சில ஆவணங்களை மறு நாட்டு உறுப்பினர் ஒருவர் மூலம் சேர்ப்பிப்பது முறையா என்று பொதுப்படையாகக் கேட்டேன். பதினொரு தலைகளும் சீரியஸாக ஆடின.

பிறகு ஆரம்பித்தார்கள் ஐயா. ஒருவர், இது முன்னுதாரணம் ஆகும் என்றார். இன்று ஒரு கவர் என்றால் நாளை ஐம்பது கவர் வரும் என்றார் இன்னொருவர். கொழும்புக்காரர் ஒருவர், நீதிமன்றத்தில் நிலுவையிலுள்ள விஷயத்தில் குழு தலையிடுவதாகக் கருத இடமுண்டு என்று ஆங்கிலத்தில் அழகாக எடுத்துச் சொன்னார். ஆவணம் என்றால் என்ன, சேர்ப்பித்தல் என்றால் பரிந்துரைத்தலும் அடங்குமா என்று ஒரு அரைமணி நேரம். முதல் வருஷத்துச் சண்டையை எல்லோரும் நினைவுபடுத்தினார்கள். என் விதியை என்னிடமே மேற்கோள் காட்டினார்கள். யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் மட்டும் பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்துத் தீர்மானம் ஆயிற்று. மூன்று பேர் கொண்ட துணைக்குழு இதை ஆராய்ந்து அடுத்த கூட்டத்துக்குள் அறிக்கை தரவேண்டும். கன்வீனர் நான். தலைவர் என் பெயரைச் சொன்னபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு கணம் எனக்கு நன்றாகத்தான் இருந்தது. என் மேல் இன்னும் மரியாதை வைத்திருக்கிறார்களே என்று இருந்தது. அதற்குள் தலைவரின் உதவியாளர் கவரைப் பிரித்து, உள்ளே இருந்த இரண்டு தாளையும் எடுத்து, பஞ்ச் மெஷினில் வைத்து அழுத்தி, கூட்டக் குறிப்போடு சேர்த்து டேக் போட்டுக் கட்டிவிட்டார். பின்னிணைப்பு மூன்று. ஓட்டை சரியாக மீன்துறை முத்திரையின் ஓரத்தில் விழுந்திருந்தது. பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். நாளைக்குத் தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

ராத்திரி சிதம்பரத்திலேயே ஒரு சிநேகிதர் வீட்டில் தங்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை போனால், தலைவர் முந்தின ராத்திரியே சென்னைக்குக் கிளம்பிப் போயிருந்தார். மகன் வீட்டுக்கு அமெரிக்கா போகிறாராம், அன்று ராத்திரி விமானமாம். போன் போட்டேன். ஃபைல் சென்னை ஆபீஸில் பீரோவில் வைத்துப் பூட்டியாயிற்று என்றார். "அதுமட்டுமில்ல, அது இப்ப குழுவோட ஆவணம். தீர்மானம் இல்லாம வெளிய எடுக்க முடியாதே. ஒங்களுக்குத் தெரியாத ரூலா?" என்று சிரித்தார். எனக்குத் தெரியாத ரூலா! போனை வைத்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

கூட்டம் முடிந்து எல்லோரும் வண்டி ஏறும் சமயத்தில் யாழ்ப்பாணத்துப் பேராசிரியரைத் தனியாக இழுத்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னேன். மீன்கார அம்மா, ஏழு பேருக்கு ஒரே பெயர், உடைந்த கால், வியாழக்கிழமை, எந்த ஊர்க் கோர்ட் என்பது உட்பட. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அந்தக் கோர்ட்டோ? அது என்ர வீட்டிலயிருந்து சைக்கிள்ள போற தூரம் சேர். அந்த வக்கீல் என்னட்டப் படிச்ச பெடியன். தேத்தண்ணி குடிக்கேக்க தந்திருந்தா நான் பேசாமக் கொண்டுபோய்க் குடுத்திருப்பனே. ஏன் அதைக் கூட்டத்தில வச்சனீங்கள்?"

"ரூல் இருக்குதே சார்," என்றேன். சொல்லும்போதே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அவர் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். அதில் ஒரு படகு நம்பர் மட்டும் எழுதியிருந்தது. "என்ர தங்கச்சியின்ர மனுசன் கடல் தொழில். உங்கட ரோலர், இழுவைப் படகு ஒண்டு அவன்ர வலை எல்லாத்தையும் அள்ளிக்கொண்டு போயிட்டுது. நம்பர் பாத்து வச்சிருக்கிறான். ஆரின்ர படகு எண்டு நீங்கள் விசாரிச்சுச் சொல்லுவீங்களோ எண்டு கேக்கத்தான் கொண்டுவந்தனான். மூண்டு வருசமாக் கொண்டு திரியிறன். உங்கட விதிக்குப் பயந்து கேக்கேல்ல," என்றார்.

அந்தக் காகிதத்தை வாங்கி என் பையில் வைத்துக்கொண்டேன். இப்படித்தான் நாங்கள் இரண்டு பேரும் சமாதானம் பேசியிருக்கிறோம், வருஷா வருஷம், கொத்சுவைப் பற்றி விசாரித்துக்கொண்டு. அவர் ஊர் திரும்பி வக்கீலைப் பார்க்கிறேன், படத்தைக் காட்டித் தவணையாவது கேட்கச் சொல்கிறேன் என்றார். சொன்னபடி பார்க்கவும் செய்தார்.

கடலூர் திரும்பும் பஸ்ஸில் எனக்கு யார் மேல் கோபம் என்றே தெரியவில்லை. தலைவர் மேல், கொழும்புக்காரர் மேல், அந்தப் பஞ்ச் மெஷின் மேல்கூடக் கோபம் வந்தது. புதுச்சத்திரம் தாண்டும்போது எல்லாம் சுற்றிச் சுற்றி என் மேலேயே வந்து நின்றது. வீட்டுக்குள் நுழைந்ததும் என் மனைவி கேட்ட முதல் கேள்வி, "கவரக் குடுத்துட்டீங்களா?" துணைக்குழு அமைத்திருக்கிறோம் என்று ஆரம்பித்தேன்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "என்னாது?"

மறுபடி சொன்னேன்.

"நல்லா இருக்குது போங்க! ஒரு கவர ஒரு கையிலேருந்து இன்னொரு கையில குடுக்கறதுக்கு ஒரு கமிட்டியா? ஒங்க கமிட்டில கொள்ளிய வெக்க! இதே நம்ம தெரு ஆட்டோக்காரன்கிட்ட சொல்லியிருந்தா, அவனே எப்டியாவது சேத்திருப்பான். படிச்சவர்னு நம்பி வந்தா பாருங்க, அவளச் சொல்லணும்." அன்று அவள் எனக்குச் சாப்பாடு போட்டாள், பேசவில்லை.

திங்கட்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் போனிலேயே கழிந்தன. சென்னை ஆபீஸில் பீரோச் சாவி தலைவரிடம் என்றார்கள். மீன்துறை ஆபீஸில் இன்னொரு சான்றிதழ் கேட்டுப் பார்த்தேன், ஆஸ்பத்திரியின் அசல் சீட்டு இருந்தால்தான் அதைப் பார்த்து எழுதமுடியும் என்றார்கள். அந்த அசலும் பூட்டிய பீரோவில் இருந்தது. வியாழக்கிழமை வக்கீல் போனில் இருந்த படத்தைக் காட்டித் தவணை கேட்டிருக்கிறார். கிடைக்கவில்லை. இரண்டாம் முறை என்று வைத்து ஒரு வருஷம் சிறை. யாழ்ப்பாணத்துப் பேராசிரியர்தான் எனக்கு போன் செய்து சொன்னார்.

மறுநாள் காலையில் மீன்கார அம்மா வந்தார். மீன் என்று குரல் கொடுக்கவில்லை. கூடை காலியாக இருந்தது. விஷயம் அவருக்கும் தெரிந்திருந்தது. திட்டுவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று தயாராகத்தான் வாசலுக்கு வந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"சார், வக்கீலு பேசுனாரு. மேல கோர்ட்ல அப்பீல் போடலாமாம். இன்னும் பத்து நாள் டைம் இருக்குதாம். அசல் கைக்கு வந்தா வெளிய எடுத்துடலாம்னு சொல்றாரு. நாகப்பட்டினத்துலேருந்து ஒருத்தரு கொழும்புக்குப் போறாரு, அவருகிட்ட குடுத்தனுப்பறேன். அந்தக் கவரத் திருப்பிக் குடுத்துடுங்க சார்."

"கவர் எங்கிட்ட இல்லம்மா," என்றேன். "எங்க கமிட்டில வாங்கி வெச்சிக்கிட்டாங்க. அது விஷயமா மூணு பேர் உக்காந்து முடிவு பண்ணணும். முடிவு பண்ணாத்தான் வெளிய எடுக்க முடியும்."

அவர் என் முகத்தையே பார்த்தார். என்ன சொல்கிறான் இந்த ஆள் என்று விளங்கிக்கொள்ளப் பார்க்கிறார் என்று தெரிந்தது. "அந்த மூணு பேரு யாரு சார்? அட்ரஸ் குடுங்க. நானும் எம் பொண்ணும் போயிக் கால்ல வுழுந்தாவது வாங்கிட்டு வறோம்."

"ஒருத்தர் டெல்லில இருக்கார். ஒருத்தர் கொழும்புல."

"மூணாவது ஆளு?"

"நான்தான்மா. நான்தான் அதுக்கு கன்வீனர்."

"அப்டின்னா?"

"மத்தவங்களக் கூட்டி வெக்கிற ஆளு."

அவர் கூடையைக் கவிழ்த்துக் கேட் ஓரமாக வைத்தார். முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, வெயில் விழும் இடத்திலேயே தரையில் உட்கார்ந்தார். "அப்ப கூட்டுங்க சார். நான் இங்கயே ஒக்காந்துருக்கேன்," என்றார்.

உள்ளே போய் போனை எடுத்தேன். டெல்லிக்காரர், துணைக்குழுவைக் கூட்டுவதென்றால் பதினைந்து நாள் முன்னறிவிப்பு வேண்டுமே, நிகழ்ச்சி நிரலோடு மெயில் அனுப்புங்கள் என்றார். கொழும்புக்காரர் எடுக்கவே இல்லை. அமெரிக்காவில் தலைவர் தூங்கிக்கொண்டிருந்தார். திரும்பத் திரும்பப் போட்டேன், கத்தினேன், கெஞ்சினேன். ஒரு மணி நேரம் கழித்து வாசலுக்கு வந்தபோது என் மனைவி அவருக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கூடிட்டாங்களா சார்?"